டோக்குவிக்கி: பம்பு கம்பெனியில் இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

டோக்குவிக்கி என்பது ஒரு இடத்தில் வேலை பார்ப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எல்லோரும் படிக்கும்படி பக்கம் பக்கமாக எழுதிவைக்க உதவும் மென்பொருள். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிட்டேன், அவசரமாக இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். மிச்ச ஒன்றரை எங்கே போனது, அது போயும் நான் ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நான் கோயமுத்தூரில் ஒரு நடுத்தர பம்பு கம்பெனியில் இருக்கிறேன். புது மாடல் கொண்டுவரும் புராஜெக்டுகளை ஒருங்கிணைப்பவன் என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கும். நடைமுறையில், ஒரு துறைக்காரர் சொன்னதை இன்னொரு துறைக்காரர் காதில் போட்டுவிட்டு இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவதுதான் வேலை. ஒரு நீர்மூழ்கி பம்பு, படமாக இருக்கும் நாள் முதல் டீலர் கடைக்குப் போகும் நாள் வரை டிசைன், பேட்டர்ன், மணல் அச்சில் உலோகம் வார்க்கும் ஃபவுண்டரி, மெஷின் ஷாப், வைண்டிங், பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட், குவாலிட்டி, பர்ச்சேஸ், சர்வீஸ் என்று ஒன்பது கை மாறுகிறது. இந்த ஒன்பதில் எழுதிவைக்கும் பழக்கம் டிசைனுக்கும் குவாலிட்டிக்கும் மட்டும்தான். மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தலையில் இருக்கும், சட்டைப் பாக்கெட் நோட்டில் இருக்கும், மிஞ்சிப்போனால் வாட்ஸ்அப் குரூப்பில் குட் மார்னிங் படங்களுக்கு நடுவில் எங்கேயாவது இருக்கும்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்க, இதற்கு முன்னால் காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருள் எங்களிடம் இருந்தது. பெயர் வேண்டாம். பார்க்க அழகாக இருந்தது, வேகமாகவும் ஓடியது, அந்த வகையில் குறை ஒன்றுமில்லை. சிக்கல் விலை வைத்திருந்த விதத்தில். ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கணக்கு. அப்படி இருந்தால் என்ன ஆகும், பர்ச்சேஸ் மேசையைத் தாண்டும்போது பட்டியல் இளைத்துவிடும். நான் 80 பேர் என்று கொடுத்தது 25 ஆகத் திரும்பி வந்தது. அந்த 25 பேர் யார் என்று பாருங்கள்: மேனேஜர்கள் எல்லோரும், டிசைன் முழுக்க, குவாலிட்டி முழுக்க. ஃபவுண்டரிக்கு ஒன்று, அதுவும் மணலைத் தொட்டுப் பல வருடமான மேனேஜருக்கு. ஊர் ஊராகப் போய் போர்வெல்லிலிருந்து பம்பை ஏற்றி, கழற்றி, கையை உள்ளே விட்டுப் பார்க்கிற சர்வீஸ் மெக்கானிக் ஒருத்தருக்கும் கிடையாது. அவர்கள் எக்செல்லில் எழுதி அனுப்பட்டும், யாராவது உள்ளே ஏற்றிக்கொள்வார்கள் என்று முடிவானது. யாராவது என்றால் யாருமில்லை என்று அர்த்தம், ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு 6 அங்குல மாடலில் செயல்திறனைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது, மின்சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிளுக்காக. டிசைன் தம்பி சரியான இடத்தில்தான் கை வைத்தார். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் கழுத்துக்கும் அதைச் சுற்றியிருக்கும் நெக் ரிங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வழியாக, ஏறிய தண்ணீரில் கொஞ்சம் திரும்பக் கீழேயே கசியும். அந்த இடைவெளியைக் குறைத்தால் கசிவு குறையும், செயல்திறன் ஏறும். டெஸ்ட் பெட்டில் அருமையாக வந்தது. வரத்தானே செய்யும், அங்கே ஓடுவது தெளிந்த தண்ணீர். நீர்மூழ்கி பம்புக்கான ஐஎஸ் 8034 தரநிலையே தெளிந்த குளிர்ந்த தண்ணீரை வைத்துத்தான் பேசுகிறது. ஆனால் விவசாயியின் போர்வெல்லுக்கு அந்தத் தரநிலை தெரியாது. மணல் வரும் போர்வெல்களில் இறக்கிய பம்புகள், ஒரு மழைக்காலம் ஓடாமல் கிடந்துவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போட்டதும், குறுகிய இடைவெளியில் மணல் பிடித்துச் சுற்றாமல் நின்றன. வரிசையாகத் திரும்பி வந்தன.

ரிவ்யூ மீட்டிங்கில் எங்கள் மூத்த சர்வீஸ் அண்ணன், சத்தம் போடாமல், "ஏனுங்க தம்பி, இத மூணு வருசத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தனுங்களே" என்றார். தேடினோம். உண்மைதான். வேறொரு மாடலுக்கு, எந்த இடைவெளியில் ஜாம் ஆனது, எவ்வளவு கடைந்துவிட்ட பிறகு ஓடியது என்று ஒரு எக்செல்லில் தெளிவாக எழுதியிருந்தார். டிசைன் தம்பியும் சும்மா இருக்கவில்லை, வேலையைத் தொடங்கும் முன்பே மென்பொருளில் 'கிளியரன்ஸ்' என்று தேடியிருக்கிறார், ஒன்றும் வரவில்லை. வராது. அந்த எக்செல் உள்ளே ஏறவே இல்லை. ஏறியிருந்தாலும் அதில் இருந்த வார்த்தை 'மண்ணு புடிச்சு ஜாம்'.

லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்தபோது நான் எழுந்து வேண்டாம் என்றேன். அதே சமயத்தில் தரச் சான்றிதழுக்கான ஐஎஸ்ஓ ஆடிட்டும் வந்தது நல்லதாகப் போயிற்று. ஐஎஸ்ஓ 9001:2015 பதிப்பில் 7.1.6 என்று ஒரு பிரிவு உண்டு, நிறுவனத்துக்கு வேண்டிய அறிவு எது என்று கண்டுபிடித்து, அதைப் பேணி, தேவைப்படுபவர்களுக்குக் கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ஆடிட்டர் கேட்டால்தான் எங்கள் முதலாளிக்கு எதுவும் அவசரம். "காசு இல்லாம ஏதாச்சும் இருந்தா போடுங்க" என்றார்.

அப்படி வந்ததுதான் டோக்குவிக்கி. ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் கோர் 2004-இல் வெளியிட்டது, கட்டற்ற மென்பொருள், இன்றும் புதுப் பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. 80 பேருக்குக் கணக்குத் திறந்தாலும் 800 பேருக்குத் திறந்தாலும் ஒரே விலை, அதாவது ஒன்றுமில்லை. பிஎச்பி என்ற நிரல்மொழி ஓடும் எந்தக் கணினியும் போதும், டேட்டாபேஸ் வேண்டாம். அக்கவுண்ட்ஸில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய மேசைக் கணினியில் லினக்ஸ் போட்டு ஒரு மத்தியானத்தில் நிறுவிவிட்டோம். நான் புரோகிராமர் இல்லை, எங்கள் ஐடி ஆள் கூட இருந்தார், அவரும் பாதி நேரம் பிரிண்டர் சரிசெய்யப் போய்விட்டார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சலிப்பூட்டும் ஒரு விஷயம். ஒவ்வொரு பக்கமும் வெறும் டெக்ஸ்ட் ஃபைல். பக்கங்கள் ஒரு ஃபோல்டர், படங்கள் ஒரு ஃபோல்டர், பழைய பதிப்புகளைச் சுருக்கிப் போட ஒரு ஃபோல்டர், முக்கியமானவை இவைதான். போன ஆடியில் அந்தப் பழைய கணினியின் பவர் சப்ளை புகைந்துபோனது, ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி நோட்பேடில் திறந்து படித்தோம். அன்றைக்கு லைன் நிற்கவில்லை. பேக்கப் எடுக்க வேண்டுமா, ஃபோல்டர்களை அப்படியே பென்டிரைவில் காப்பி அடித்தால் முடிந்தது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. ஃபவுண்டரிக்கும் மெஷின் ஷாப்புக்கும் சண்டை வரும்போது இதைவிடப் பெரிய உதவி இல்லை.

சரி, நிறுவியாயிற்று, எல்லோருக்கும் கணக்குக் கொடுத்தாயிற்று, எல்லோரும் எழுதித் தள்ளினார்களா? இல்லை. முதல் மூன்று மாதம் நான் எழுதிய பக்கங்களை நானே படித்துக்கொண்டிருந்தேன்.

இதை மாற்றியது இரண்டு விஷயம். ஒன்று, சர்வீஸ் ஆட்களை டைப் அடிக்கச் சொல்வதை விட்டேன். சனிக்கிழமை அவர்கள் கம்பெனிக்கு வரும்போது போனில் கூகுளின் ஜிபோர்டு கீபோர்டைத் தமிழுக்கு மாற்றி மைக்கை அமுக்கிப் பேசச் சொன்னேன். பேச்சு எழுத்தாகிறது. தப்புத்தப்பாகத்தான் வரும், இம்பெல்லர் எப்படியெல்லாமோ வரும், ஆனால் விஷயம் உள்ளே வந்துவிடுகிறது, அப்புறம் ஒரு ட்ரெய்னி உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம். டைப் அடிக்கச் சொன்னால் மூன்று வரி எழுதும் அதே மனிதர், பேசச் சொன்னால் மோட்டார் கேபிளை எப்படி எலி கடித்திருந்தது என்பது வரை சொல்கிறார்.

இரண்டாவதுதான் முக்கியம், இந்த விமர்சனத்தில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் 'இப்படியும் சொல்வார்கள்' என்று ஒரு வரி கட்டாயம் என்று வைத்தோம். அதே பொருளுக்கு, அதே கோளாறுக்கு மற்ற துறைகளில் என்ன பெயரோ அத்தனையும் அங்கே வர வேண்டும். டிசைனுக்கு அது கிளியரன்ஸ், மெஷின் ஷாப்புக்கு 'லூஸ், டைட்', சர்வீஸுக்கு ஜாம், டீலருக்கு 'மோட்டார் உறுமுது, தண்ணி வரல', விவசாயிக்கு 'பம்பு செத்துப்போச்சு'. நான்கைந்து வார்த்தை சேர்க்க அரை நிமிடம் ஆகும், ஆனால் யார் எந்த வார்த்தையில் தேடினாலும் அதே பக்கத்தில் போய் விழுவார்கள். பக்கத்துக்குக் குறிச்சொல் (டேக்) போட ஒரு பிளகினும், அதாவது தனியாகச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதியும், இருக்கிறது, போட்டுப் பார்த்தோம், எங்கள் ஆட்கள் ஒருத்தரும் சீண்டவில்லை. இந்த ஒரு வரியைத்தான் மதிக்கிறார்கள். ஒருவர் ஒரு வார்த்தையைச் சேர்த்தால் அடுத்தவர் "எங்க பக்கம் அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்று இன்னொன்றைச் சேர்க்கிறார்.

தமிழில் இது எப்படி ஓடுகிறது என்று கேட்பீர்கள். ஓடுகிறது, ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

தேடல் முதலில். நாம் கொடுக்கும் சொல்லை அப்படியே முழுச்சொல்லாகத்தான் இது தேடும். 'பம்பு' என்று போட்டால் 'பம்பில்', 'பம்புக்கு' எல்லாம் வராது, தமிழிலோ வேற்றுமை உருபு ஒட்டாமல் வரும் சொல்லே குறைவு. சொல்லைப் பாதியில் நிறுத்தி ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள்: 'பம்ப*' என்று போட்டால் பம்பு, பம்பில், பம்புக்கு எல்லாம் வரும். 'பம்பு*' என்றால் பம்பில் விட்டுப்போகும். எங்கள் ஆட்களுக்கு இதைத் தேடல் பெட்டிக்குப் பக்கத்திலேயே தாளில் அச்சடித்து ஒட்டியிருக்கிறேன். செட்டிங்கில் 'தொடக்கம் பொருந்தினால் போதும்' என்பதையே இயல்பாக வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

அடுத்தது பக்கத்தின் பெயர். பக்கத்தின் பெயர்தான் ஃபைலின் பெயர். இது தமிழ்ப் பெயரை அப்படியே எழுதாமல் சதவீதக் குறிகளாக மாற்றி எழுதும், ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம் பிடிக்கும். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆக உங்கள் தலைப்பு 26, 27 குறியைத் தாண்டினால் பக்கம் சேமிக்காது. 'கி' என்பதே இரண்டு குறி என்பதை நினைவில் வையுங்கள். இதற்கும் செட்டிங் உண்டு, ஃபைல் பெயரை யூடிஎஃப்-8 ஆகவே, அதாவது தமிழ் எழுத்தாகவே வை என்று சொல்லலாம், ஆனால் பக்கங்கள் உருவாக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். நாங்கள் வேறு வழி பிடித்தோம்: பெயர் சின்னதாக ஒரு எண், புகார் நம்பர் மாதிரி, பக்கத்துக்குள் முதல் தலைப்பு முழுத் தமிழில். அந்த முதல் தலைப்பையே எல்லா இணைப்பிலும் காட்டு என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் படிப்பவருக்கு எண் கண்ணிலேயே படாது. வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பும்போதும் அரை மைல் நீளத்துக்குச் சதவீதக் குறியாக வராது.

மூன்றாவது வீடியோ. போனில் எடுத்த 40 நொடி வீடியோவைப் பக்கத்திலேயே ஓடவிடலாம், ஆனால் ஏற்றவே முடியாமல் இரண்டு நாள் மண்டையைக் குடைந்தோம். குற்றம் டோக்குவிக்கியில் இல்லை, ஏற்றும் ஃபைலுக்கு பிஎச்பி இயல்பாக வைத்திருக்கும் வரம்பு 2 எம்பி. அதையும், மொத்தமாக அனுப்பும் அளவுக்கு இருக்கும் 8 எம்பி வரம்பையும் கூட்ட வேண்டும். இரண்டையும் கூட்டுங்கள், ஒன்றை மட்டும் கூட்டிவிட்டு ஐடி ஆளைத் திட்டாதீர்கள். நான் திட்டினேன்.

வீடியோ ஏன் வேண்டும் என்றால், சிலதை எழுதவே முடியாது. எங்கள் ஃபவுண்டரியில் ஒரு பெரியவர் வார்த்தெடுத்த காஸ்டிங்கைச் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்து விரிசலைச் சொல்வார். நல்ல காஸ்டிங் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று அடங்கும். எழுதியாயிற்று பாருங்கள், இதைப் படித்து உங்களால் ஒரு இம்பெல்லரைத் தேர்ந்தெடுக்க முடியுமா? வீடியோ கொஞ்சம் உதவும், அதுவும் முழுக்க இல்லை. ஜப்பானில் மட்சுஷிதா கம்பெனி ரொட்டி செய்யும் இயந்திரம் உருவாக்கிய கதை இந்த விஷயத்தில் பிரபலம். 1985-இல் அவர்கள் இயந்திரம் பிசைந்த மாவு சரியாக வரவில்லை, கையால் பிசைந்த மாவையும் இயந்திரத்து மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள். கடைசியில் மென்பொருள் எழுதும் இக்குகோ தனாகா என்ற பெண், ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்ப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அவர் மாவை ஒரு விதமாக முறுக்கி இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் இயந்திரத்தின் உட்பக்கத்தில் வரிவரியாக மேடுகள் வைத்தால் போதும் என்று பிடிபட்டது. இதைச் சொல்லி ஒரு டிசைன் தம்பியை ஒரு வாரம் ஃபவுண்டரியில் நிறுத்தக் கேட்டேன், வெயிலுக்குப் பயந்து இரண்டு நாளோடு திரும்பிவிட்டார். ஆனால் அந்த இரண்டு நாளில் எழுதிய பக்கம்தான் எங்கள் விக்கியில் நான் அதிகம் திறக்கும் பக்கம்.

இப்போது போன ஒன்றரை மதிப்பெண்.

பக்கத்தின் பெயரை மாற்ற முடியாது. 2004-இல் பிறந்த மென்பொருளில் பெயர் மாற்ற ஒரு பொத்தான் இல்லை என்றால் நம்புவீர்களா, அதற்குத் தனியாக 'மூவ்' என்று ஒரு பிளகின் போட வேண்டும், அது இணைப்புகளையும் சேர்த்து மாற்றிவிடும், நன்றாகவே வேலை செய்கிறது, ஆனாலும் எரிச்சல். எழுதும் முறையும் பழையது. தடித்த எழுத்துக்கு நட்சத்திரம், இணைப்புக்கு இரட்டை அடைப்பு, அட்டவணைக்குச் செங்குத்துக் கோடு கோடாகப் போட வேண்டும். பத்து வரிசை அட்டவணையை அப்படிக் கையால் எழுதச் சொன்னால் குவாலிட்டிக்காரர்கள் எக்செல்லுக்கே ஓடிவிடுவார்கள், ஓடினார்கள். 'எடிட்டேபிள்' என்ற பிளகின் போட்ட பிறகு கட்டம் கட்டமாக நிரப்ப முடிகிறது. வேர்டு மாதிரி எழுத 'புரோஸ்மிரர்' என்று இன்னொன்று. எல்லாம் இருக்கிறது, ஆனால் நாமாகத் தேடிப் போட வேண்டும். வாங்கிய சட்டைக்குப் பொத்தானை நாமே தைத்துக்கொள்வது மாதிரி.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் திருத்தவும் முடியாது. ஒருவர் திறந்தால் பக்கம் பூட்டிக்கொள்ளும், அவர் எதுவும் செய்யாமல் டீ குடிக்கப் போய்விட்டால் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். கூகுள் டாக்ஸில் பழகியவர்களுக்கு இது கற்காலமாகத் தெரியும். மீட்டிங் நடக்கும்போதே எல்லோரும் சேர்ந்து எழுதுகிற அணி உங்களுடையது என்றால் இது வேண்டாம்.

வேறு இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்தோம் என்பதால் ஒரு வார்த்தை. விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கியில். எல்லோரும் எல்லாவற்றையும் படிக்கலாம் என்ற எண்ணத்தில் கட்டியது, எங்களுக்கோ விலைப் பட்டியலைச் சிலரிடமிருந்து மறைக்க வேண்டும், அதற்கு அது தோதுப்படாது. புக்ஸ்டாக் அழகு, அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்று அடுக்கிக்கொள்ளலாம், எழுதுவதும் சுலபம். ஆனால் டேட்டாபேஸ் வேண்டும், பவர் சப்ளை புகைந்த அன்று நோட்பேடில் திறந்து படிக்க முடியாது. ஐடிக்கு என்று சரியான ஆள் இருக்கும் கம்பெனி என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

யாருக்கு இது சரிவரும் என்றால், ஒரே புராஜெக்டில் ஆபீஸ் ஆட்களும் கிரீஸ் கை ஆட்களும் கலந்திருக்கிற, ஆள் எண்ணிக்கைக்குக் காசு கொடுக்க மனசில்லாத, எப்போது என்ன கெட்டுப்போகும் என்று தெரியாத இடங்களுக்கு. வேலை முழுக்க ஸ்லாக்கிலும் ஜிராவிலும் ஓடுகிற ஐடி அணிகள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம், சிரிப்பீர்கள்.

போகிற போக்கில் இன்னொன்று, இதில் 'அண்மைய மாற்றங்கள்' என்று ஒரு பக்கம் தானாக வரும், யார் யார் என்ன எழுதினார்கள் என்று. திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங்கில் முதல் வேலையாக அதைத் திரையில் போடுகிறேன், யாரையும் எதுவும் கேட்பதில்லை. இந்த வாரம் சர்வீஸ் ஒன்பது, ஃபவுண்டரி நான்கு, வைண்டிங் இரண்டு, டிசைன் ஆறு. பர்ச்சேஸ் இதுவரைக்கும் மொத்தமாகவே ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறது. அதுவும் தீபாவளி போனஸ் மளிகைக் கிஃப்ட் பாக்ஸ் எந்தக் கடையில் மலிவு என்பது. ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பக்கத்தின் கடைசியில் 'இப்படியும் சொல்வார்கள்' வரியைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.